படிப்பதற்கும் கூலி உண்டு

1965 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாலன்டைன் நிறுவனம் டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலை மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தது. அட்டையில் மலைகள், ஒரு மரம், மரத்தில் இளஞ்சிவப்புக் குமிழ்கள், கீழே இரண்டு ஈமுக்கள், கூடவே ஒரு சிங்கம். கதையில் ஈமுவும் வரவில்லை, சிங்கமும் வரவில்லை. டோல்கீன் கொதித்துப்போனார். லண்டன் பதிப்பாளர் ரேனர் அன்வினுக்கு அடுத்த மாதம் அவர் எழுதிய கடிதம் அவருடைய கடிதத் தொகுப்பில் இருக்கிறது. இந்தப் படத்துக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டிருக்கிறார். பாலன்டைன் சார்பில் தொலைபேசியில் பேசிய பெண்மணியோ, வரைந்த ஆளுக்குப் புத்தகத்தைப் படிக்க நேரமே இல்லை என்று குரலை உயர்த்தியிருக்கிறார். குமிழ்கள் கிறிஸ்துமஸ் மரத்தை நினைவூட்டுவதற்காக என்று ஒரு விளக்கமும் கிடைத்திருக்கிறது. ஓவியரோடு சில நிமிடம் பேசியிருந்தாலே போதுமே என்று டோல்கீன் அந்தக் கடிதத்தில் அங்கலாய்க்கிறார். இதில் இன்னொரு வேடிக்கை, ஆண்பாலில் குறிப்பிடப்பட்ட அந்த ஓவியர் பார்பரா ரெமிங்டன் என்ற பெண். எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் நடுவே நின்றவருக்கு ஓவியர் யார் என்பதே சரியாகத் தெரிந்திருக்கவில்லை போலும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் ஓட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏஸ் நிறுவனம் அதே ஆண்டு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலை அனுமதி பெறாமலே 75 சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதிகாரபூர்வப் பதிப்பை 95 சென்ட்டுக்குக் கொண்டுவந்த பாலன்டைன், ஒவ்வொரு வாரமும் சந்தையை இழந்துகொண்டிருந்தது. ரெமிங்டனுக்குப் புத்தகம் கையில் கிடைக்கவில்லை. படித்த நண்பர்கள் சொன்னதை வைத்து வரைந்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார். பின்னர் வந்த அச்சுகளில் சிங்கத்தை அழித்துவிட்டார்கள். ஈமுக்கள் தப்பித்தன. இந்தக் கதையை இலக்கிய உலகில் பலரும் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. என் பார்வையில் இது ஒரு கூலிப் பிரச்சினை. மிகுபுனைவு நாவலுக்கு அட்டை வரைகிறவர் அந்த நாவலை முழுதாகப் படித்தாக வேண்டும்; படிக்கும் நேரம் அவருடைய வேலைநேரம்; அதற்குரிய பணத்தையும் கால அவகாசத்தையும் பதிப்பாளர் ஒப்பந்தத்திலேயே எழுதித் தரவேண்டும். அட்டைப்படம் பற்றிய சண்டைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு வரி இல்லாததால் வருபவை.

எல்லா நாவலுக்கும் இப்படிக் கேட்பதில் நியாயம் இல்லை. மதுரையில் நடக்கும் ஒரு குடும்பக் கதைக்கு அட்டை கேட்டால், ஓவியருக்கு மதுரை தெரியும். தேர்முட்டி தெரியும், டீக்கடை பெஞ்சு தெரியும், கட்டிய சேலையை வைத்து வீட்டின் வசதியைச் சொல்லத் தெரியும். கதைச் சுருக்கம் ஒரு பக்கம் இருந்தால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார், தவறினாலும் பெரிதாகத் தவறாது. மிகுபுனைவில் அந்த வசதி கிடையாது. அந்த ஊர், அந்த மிருகம், அந்த மந்திரவாதி அணியும் அங்கி எல்லாமே பிரதிக்குள் மட்டும்தான் இருக்கின்றன. வெளியே போய்ப் பார்த்துவர இடமே இல்லை. பிரதியைப் படிக்காத ஓவியருக்கு மிஞ்சுவது ஏற்கெனவே வந்த அட்டைகள் மட்டும். மந்திரவாதி என்றால் வெள்ளைத் தாடிக் கிழவர், வீரன் என்றால் புடைத்த புஜம், இளவரசி என்றால் காற்றில் பறக்கும் கூந்தல். புத்தகக் கடை அலமாரியே அவருடைய மாடல் ஆகிவிடுகிறது. இப்படி வரைந்த அட்டை அடுத்த ஓவியருக்கு அலமாரியில் போய் உட்காரும். புதிய உலகத்தைப் படைக்கிறேன் என்று புறப்பட்ட இலக்கிய வகைக்குப் பழைய முகமே திரும்பத் திரும்ப வந்து வாய்க்கும் விதம் இதுதான்.

டெர்ரி பிராட்செட்டின் 'தி கலர் ஆஃப் மேஜிக்' நாவலுக்கு 1985-இல் கோர்கி பதிப்பகம் வெளியிட்ட அட்டையைப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். வரைந்தவர் ஜோஷ் கிர்பி. தூரிகையில் அசாத்தியத் திறமை. படம் முழுக்க உருண்டு புரளும் உடல்கள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். ஆனால் டூஃப்ளவர் என்ற சுற்றுலாப் பயணிக்கு நிஜமாகவே நான்கு கண்களை வரைந்துவைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கண்டிராத ஊர்க்காரர்கள் அவனை நாலு கண்ணன் என்று நினைப்பது நாவலின் நகைச்சுவை. ஒரு வரி மட்டும் கைக்கு வந்து, அந்த வரியைச் சுற்றியிருந்த கதை வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதே அட்டையில் இரண்டாவது பிழை ஒன்றும் உண்டு; அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ரின்ஸ்விண்ட் என்ற மந்திரவாதி கதையில் கிழவர் அல்ல, படிப்பில் தோற்ற ஆசாமி, ஓடி ஒளிவதில் கெட்டிக்காரர். அட்டையில் அவர் நரைதாடிக் கிழவர். நான்கு கண்கள் பிரதியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த பிழை. நரைதாடி அலமாரியிலிருந்து வந்தது. முதல் பிழையைப் பார்த்துச் சிரித்துவிடலாம். இரண்டாவதுதான் வியாதி.

கிர்பி 2001-இல் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த 'நைட் வாட்ச்' நாவலுக்கு அட்டை வரைந்தவர் பால் கிட்பி. ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த புகழ்பெற்ற காவல்படை ஓவியத்தின் பெயரும் அதேதான் என்பதை எடுத்துக்கொண்டு, அந்த ஓவியத்தின் அமைப்பிலேயே நாவலின் காவலர்களை நிறுத்தினார். ரெம்பிராண்ட் தன் முகத்தைச் செருகியதாகச் சொல்லப்படும் இடத்தில் மறைந்த கிர்பியின் முகத்தை வைத்தார். இப்படி ஓர் எண்ணம் கதைச் சுருக்கத்தைப் படித்தவருக்கு வராது. யார் எங்கே நிற்க வேண்டும், யார் கையில் என்ன இருக்க வேண்டும், எந்த முகத்தில் களைப்பும் எந்த முகத்தில் எரிச்சலும் இருக்கும் என்பதெல்லாம் நாவலோடு பல ஆண்டுகள் பழகியவருக்கே தெரியும். தான் மனதில் கண்ட உருவங்களுக்கு மிக அருகில் வருபவை கிட்பியின் படங்கள் என்று பிராட்செட்டே சொல்லியிருக்கிறார்.

நரைதாடி ஒரு சின்ன விஷயம் என்று விட்டுவிடலாம். தோல் நிறத்தை அப்படி விட முடியாது. உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய நண்பன் வெட்ச் கருநிறத்தவன். கொள்ளையடிக்க வரும் கார்க் படையினர்தான் வெள்ளைத் தோல்காரர்கள். தற்செயலாக அமைந்தது அல்ல இது. மிகுபுனைவு என்றாலே ஐரோப்பிய இடைக்கால வெள்ளையர்கள் என்றிருந்த வழக்கத்தை அவர் வேண்டுமென்றே திருப்பிப்போட்டார். அதையும் முழங்கவில்லை, வாசகன் கெட்டோடு ஒன்றிப்போன பிறகு போகிறபோக்கில் நிறத்தைச் சொல்லி வைத்தார். முதல் பதிப்பை வெளியிட்ட பர்னாசஸ் பதிப்பகம் சிறியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான ரூத் ராபின்ஸ்தான் அட்டையையும் வரைந்தார். பதிப்பாளரே ஓவியர் என்பதால் பிரதியைப் படிக்காமல் தப்பிக்க வழியில்லை. அந்த அட்டையில் கெட்டின் முகம் செம்பு நிறத்தில் இருந்தது. பிறகு புத்தகம் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போனது. பதிப்புக்குப் பதிப்பு கெட் வெளுத்துக்கொண்டே வந்தான். அட்டைப் பிரிவுகளோடு பலமுறை மல்லுக்கட்டிப் பெரும்பாலும் தோற்றதாக 2004-இல் லெ குவின் ஒரு கட்டுரையில் எழுதினார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கெட்டாக ஒரு வெள்ளை நடிகரைப் போட்டதைக் கண்டித்த கட்டுரை அது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அட்டையில் நடந்ததுதான் திரையிலும் நடந்தது.

இந்தப் பழியை ஓவியர்கள்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. கறுத்த முகம் அட்டையில் இருந்தால் விற்காது என்று விற்பனைப் பிரிவு சொல்லும். 2009-இல் ஜஸ்டின் லார்பலெஸ்டியரின் 'லையர்' நாவலில் அப்படித்தான் ஆனது. கறுப்பினப் பெண்ணின் கதைக்கு அமெரிக்கப் பதிப்பில் வெள்ளைப் பெண்ணின் புகைப்படம் வந்தது. எழுத்தாளரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, வாசகர்கள் எதிர்த்த பிறகு ப்ளூம்ஸ்பரி நிறுவனம் படத்தை மாற்றியது. அடுத்த ஜனவரியில் அதே நிறுவனத்தின் 'மேஜிக் அண்டர் கிளாஸ்' என்ற மிகுபுனைவு நாவலில் இதே தவறு, இதே எதிர்ப்பு, இதே மாற்றம். இவற்றில் யாரோ ஒருவர் பிரதியைப் படித்துத்தான் இருப்பார், தெரிந்தே செய்திருக்கவும் கூடும் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் படித்தவர் மேசையில் எதிர்ப்புச் சொல்லும் உரிமை கொண்டவராக இருந்தாரா என்பதே என் கேள்வி. நாயகியின் நிறம் இது, நான் இதைத்தான் வரைவேன் என்று சொல்ல ஓவியருக்கு முதலில் அந்த நிறம் தெரிந்திருக்க வேண்டும். படிக்காத ஓவியரால் சொன்னதை வரைய மட்டுமே முடியும்.

அட்டை என்பது விளம்பரம், அது கதையை விளக்க வேண்டியதில்லை என்ற எதிர்வாதம் வலுவானது. புத்தகக் காட்சியில் பத்தடி தூரத்தில் நடந்துபோகிறவரை நிறுத்த வேண்டும்; கைபேசியில் கட்டைவிரல் நகம் அளவில் தெரிய வேண்டும்; இது எந்த வகைப் புத்தகம் என்று ஒரு நொடியில் சொல்ல வேண்டும். கதாநாயகி எந்தக் கையில் வாள் பிடிக்கிறாள் என்பதை அந்த நொடியில் யாரும் சரிபார்ப்பதில்லை. எல்லாம் உண்மை. அட்டை ஒரு காட்சியை அப்படியே காட்ட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. இப்போது உலகெங்கும் ஒற்றைச் சின்னத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் கொடிகளை ஓடவிடும் அட்டைகள்தான் அதிகம். அதிலும்கூட, எந்தச் சின்னம் என்று முடிவுசெய்ய வேண்டும் அல்லவா? கிரீடமா, உடைந்த மோதிரமா, பறவையின் எலும்பா என்பதைத் தேர்ந்தெடுக்க, கதையில் எது எத்தனை கனம் சுமக்கிறது என்று தெரிய வேண்டும். படிக்காதவர் கிரீடத்தை வைப்பார், ஏனென்றால் பக்கத்துப் புத்தகத்திலும் கிரீடம்தான் இருக்கிறது. பத்துப் புத்தகங்களில் கிரீடம் இருந்தால் பதினோராவது புத்தகத்தை யார் நின்று பார்ப்பார்கள்? விற்பனை என்ற காரணத்தைச் சொல்லியே விற்பனைக்கு எதிராக நடக்கும் வேலை இது. எது விற்கும், எது விற்காது என்ற கணிப்பு தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளக்கூடியது என்று லெ குவின் பதிப்பாளர்களிடமே சொல்லியிருக்கிறார். கறுத்த முகத்தை அட்டையில் போடாமலே இருந்தால், அது விற்காது என்பதற்கு எதிரான சான்று ஒருநாளும் வராது.

இன்னொரு எதிர்வாதத்துக்குப் பெயர் ஃபிராங்க் ஃபிரஸெட்டா. ராபர்ட் ஹோவர்டின் கோனன் கதைகளை லான்சர் நிறுவனம் 1966 முதல் மறுபதிப்பாக வெளியிட்டபோது அவர் வரைந்த அட்டைகள்தான் அந்தக் கதைகளுக்கு மறுபிறவி கொடுத்தன. ஹோவர்ட் இறந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிணக்குவியல்மேல் வாளூன்றி நிற்கும் அந்த முரடனைப் பார்த்துத்தான் லட்சக்கணக்கான இளைஞர்கள் புத்தகத்தை வாங்கினார்கள். ஃபிரஸெட்டாவோ கதைகளைத் தான் படிக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னவர். ரெமிங்டன் இன்னும் ஒரு படி மேலே போய், முதலில் படித்திருந்தால் தன்னால் அந்த அட்டைகளை வரைந்திருக்கவே முடியாது என்றார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் மூன்று பாகங்களுக்கான அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நெடும் ஓவியமாகச் சேரும்படி அவர் அமைத்த படம் கல்லூரி விடுதிச் சுவர்களில் போஸ்டராகத் தொங்கியது. படிக்காமலே இத்தனை அழகு வந்தால் படித்து என்ன ஆகப்போகிறது?

இதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. ஃபிரஸெட்டா ஒரு மேதை, அவர் அலமாரியைப் பார்த்து வரையவில்லை. தன் மனதுக்குள் இருந்ததை வரைந்தார். கோனன் கதைகளில் உடலும் வன்மமும்தான் முக்கியம், அவை அவரிடம் ஏற்கெனவே இருந்தன. பிரதியும் ஓவியரும் இப்படித் தற்செயலாகப் பொருந்திப்போவது எப்போதோ நடக்கும். அதை நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது. அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுக்கு வாளும் மந்திரமும் வரும் கதை எதுவானாலும் அட்டையில் ஃபிரஸெட்டாவின் முரடனே வந்து நின்றான், காலடியில் அதே அரைகுறை ஆடைப் பெண்ணோடு. மென்மையான கதை, வயதான நாயகி, வாளே இல்லாத நாவல் என்று எது வந்தாலும் அதே சட்டைதான். படிக்காத மேதை ஒருவர் போட்ட பாதையில் படிக்காத சாமானியர்கள் நூறு பேர் நடந்தார்கள். மேதையின் வெற்றியை எண்ணுகிறவர்கள் அந்த நூறு அட்டைகளுக்கு அடியில் புதைந்த நாவல்களை எண்ணுவதில்லை.

எழுத்தாளர்கள் தரப்புக்கும் ஒரு சொல். ஓவியரோடு நேரடியாகப் பேசவிட்டால் இவர்கள் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாயகன், குதிரை, கோட்டை, டிராகன், இரண்டு நிலா, போதாக்குறைக்குத் தீர்க்கதரிசனம் சொல்லும் கிழவி என்று எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வேண்டும் என்பார்கள். பெரிய பதிப்பகங்களில் கலை இயக்குநர் என்று ஒருவர் நடுவில் இருப்பது இந்தத் தொல்லையைத் தடுக்கத்தான். அந்த ஏற்பாட்டை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஓவியரை எழுத்தாளரிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று புறப்பட்டுப் பிரதியிடமிருந்தும் சேர்த்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஓவியர் முழுப் பிரதியையும் படித்திருந்தால் எழுத்தாளர் கட்டளையிட வேண்டிய அவசியமே குறைந்துவிடும். கூடவே ஒரு பக்கத் தகவல் தாள் போதும்: யாருக்கு என்ன வயது, என்ன நிறம், இந்த உலகத்தில் எவையெல்லாம் கிடையாது. படத்தை எப்படி அமைப்பது என்பது ஓவியரின் பாடு. கட்டளை மட்டும் போய்ப் பிரதி பின்னால் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1997-இல் வந்த முதல் 'ஹாரி பாட்டர்' பதிப்பே சாட்சி. தாமஸ் டெய்லர் அப்போது ஓவியப் பள்ளியை முடித்து வந்த இளைஞர். கையெழுத்துப் பிரதியைப் படித்துத்தான் முன்னட்டையில் ரயிலின் முன் நிற்கும் ஹாரியை வரைந்தார். அந்தப் படத்தில் யாரும் குறை காணவில்லை. பின்னட்டைக்கு மட்டும் ஏதோ ஒரு மந்திரவாதி வேண்டும் என்று கேட்டார்கள். ஏதோ ஒரு மந்திரவாதியை அவரும் தன் தந்தையின் சாயலில் வரைந்து கொடுத்தார். யார் இந்த ஆள் என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். கதையில் அப்படி யாரும் இல்லை. கடைசியில் டம்பிள்டோரை வரையவைத்து அந்த அநாதை மந்திரவாதியை நீக்கினார்கள்.

ஓவியரும் எழுத்தாளரும் நேரடியாகப் பேசி நன்றாக முடிந்த கதையும் லெ குவினுடையதுதான். எர்த்ஸீ நூல்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாக 2018-இல் கொண்டுவந்தபோது ஓவியர் சார்லஸ் வெஸ் சுமார் நான்கு ஆண்டுகள் அவரோடு கடிதத் தொடர்பில் இருந்து வரைந்தார். டிராகன் எப்படி இருக்கும் என்பதில் லெ குவினுக்குத் திட்டவட்டமான எண்ணம் இருந்தது. வெஸ் வரைவுகளை அனுப்புவதும் அவர் கருத்துச் சொல்வதும் இவர் மாற்றுவதுமாகப் போனது. அந்த ஆண்டு ஜனவரியில் லெ குவின் காலமானார், இலையுதிர்காலத்தில் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு ஹ்யூகோ விருதுகளில் சிறந்த ஓவிய நூல் என்ற பரிசு அதற்கும், சிறந்த தொழில்முறை ஓவியர் என்ற பரிசு வெஸ்ஸுக்கும் கிடைத்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து கெட்டுக்கு அவனுடைய நிறமும் திரும்பக் கிடைத்தது. எல்லா நாவலுக்கும் நான்கு ஆண்டு ஒதுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஐந்நூறு பக்க நாவலை மணிக்கு நாற்பது பக்கம் என்று படித்தால் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு வேலைநாள். அவ்வளவுதான் கேட்பது.

அந்த இரண்டு நாளும் இப்போது மறைந்துகொண்டிருக்கின்றன. 2022 இறுதியில் அமெரிக்காவின் டோர் நிறுவனம் கிறிஸ்டோபர் பாவோலினியின் புதிய நாவலுக்கு வெளியிட்ட அட்டை, கணினி தானே உருவாக்கிய படம் என்று தெரியவந்தது. பட விற்பனைத் தளம் ஒன்றில் உரிமம் வாங்கிய படம் அது. வாங்கியபோது தங்களுக்குத் தெரியாது என்றும், தயாரிப்புக் காலக்கெடு நெருக்கியதால் அதையே வைத்துக்கொண்டோம் என்றும் நிறுவனம் விளக்கியது. அடுத்த ஆண்டு சாரா ஜே. மாஸின் நாவல் ஒன்றின் பிரிட்டிஷ் பதிப்பில் இருந்த ஓநாய்க்கும் இதே பிறப்புக் கதை. 2023-இலேயே, சொந்தமாகப் பதிப்பிக்கும் மிகுபுனைவு எழுத்தாளர்களுக்கு மார்க் லாரன்ஸ் நடத்திவந்த போட்டியில் அட்டைக்கான பரிசை வென்ற படத்திலும் இந்தச் சிக்கல் எழுந்து, அவர் அட்டைப் போட்டியையே நிறுத்திவிட்டார். ஓவியர்களின் படங்களைக் கேட்காமல் எடுத்து இயந்திரத்துக்குக் கற்பித்தது திருட்டா என்ற வழக்கு தனியாக நடக்கட்டும். அட்டையைப் பொறுத்தவரை என் ஆட்சேபம் வேறு. ஏற்கெனவே வந்த அட்டைகளைத் தவிர வேறெதுவும் தெரியாத ஓர் ஓவியரைக் கற்பனை செய்து, அவரையே தொழிற்சாலையாக்கியது போன்றது இது. முழு நாவலையும் அதற்குள் ஊற்றலாமே என்பார்கள். ஊற்றலாம். ஆனால் படித்த ஓவியர் கேள்வி கேட்பார். ஒன்பதாம் அத்தியாயத்தில் இவள் இடக்கையால் வாள் வீசுகிறாள், இருபதில் வலக்கை வருகிறதே, எது சரி என்று கேட்பார். நீங்கள் சொல்லும் காட்சி அட்டைக்கு ஆகாது, ஆற்றைக் கடக்கும் காட்சிதான் இந்தப் புத்தகம் என்று மறுப்பார். அந்த மறுப்பை வாங்கிக்கொள்ளத்தான் அவருக்குக் காசு கொடுக்கிறோம்.

தமிழில் இது ஒரு காலத்தில் ஏற்பாடாகவே இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வாரந்தோறும் அத்தியாயத்தைப் படித்தாக வேண்டும். படிக்காமல் அந்த வாரப் படத்தைப் போட முடியாது. அது மிகுபுனைவு அல்ல, சரித்திரக் கதை. ஆனால் யாரும் நேரில் பார்க்காத உலகம் என்பதில் ஓவியருக்கு இரண்டும் ஒன்றே. 2022-இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது நடிகர்களை வாசகர்கள் எதனோடு ஒப்பிட்டார்கள்? கல்கியின் வர்ணனையோடு எவ்வளவு ஒப்பிட்டார்களோ அதே அளவு மணியத்தின் நந்தினியோடும் வந்தியத்தேவனோடும் ஒப்பிட்டார்கள். நம் காலத்தில் ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை நாள்தோறும் வெளிவந்தபோது சண்முகவேலின் ஓவியங்கள் அதனோடு கூடவே நடந்துவந்தன. தொடர்கதை முறை ஓவியருக்கு வேறு வசதி எதையும் தந்திருக்காவிட்டாலும் பிரதியைக் கையில் தந்தது. நேரடியாகப் புத்தகமாக வரும் நாவலில் அந்தக் கட்டாயம் இல்லை. தலைப்பும் நான்கு வரிக் கதையும் வாட்ஸ்அப்பில் போகும், புத்தகக் காட்சிக்கு முன் அட்டை வந்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் கூடவே போகும்.

முந்நூறு பிரதி அச்சடிக்கிற எங்களைப் போய் இரண்டு நாள் கூலி கொடு என்கிறீர்களே என்று சிறு பதிப்பாளர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயம். ஆனால் செலவைக் குறைக்க வேண்டிய இடம் வேறு. 1937-இல் 'தி ஹாபிட்' முதல் பதிப்புக்கு டோல்கீனே மேலுறை வரைந்தார். சூரியனுக்குச் சிவப்பு வேண்டும் என்று விரும்பினார். ஒரு வண்ணம் கூடினால் செலவு கூடும் என்று பதிப்பாளர் மறுத்துவிட்டார். பச்சை, நீலம், கறுப்பு மூன்றோடு அச்சாகி, சூரியன் வெள்ளையாக நின்றது. அந்த உறையை யாரும் கதைக்கு அந்நியம் என்று சொன்னதில்லை. இன்றும் அதே வடிவத்தை மறுபதிப்புகளில் பயன்படுத்துகிறார்கள். வண்ணத்தைக் குறைக்கலாம். பளபளப்பு லேமினேஷனை விட்டுவிடலாம், தலைப்பு எழுத்தை மட்டும் வைத்து அட்டை செய்யலாம். முன்னட்டை மட்டும் ஓவியம், பின்னட்டை வெறும் எழுத்து என்று வைத்தாலும் குறைவில்லை. இப்படி மிச்சம் பிடித்த பணத்தில் ஓவியரின் பில்லில் வாசிப்பு என்று ஒரு வரி சேர்க்கலாம். நாவல் முடியவில்லை என்றால் முடிந்தவரைக்கும் அனுப்பி, மீதியை எழுத்தாளர் ஒரு மணி நேரம் தொலைபேசியில் சொல்லட்டும். பிரதியைப் பிடிஎஃப் ஆக அனுப்புவதற்கு அஞ்சல் செலவுகூட இல்லை.